கரண்ட்டக்காவின் உள்ளங்கை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கிட்டத்தட்ட பதினெட்டு வருஷமாக ஒருத்தி தினமும் எட்டு மணி நேரம் பாடிக்கொண்டிருந்தாள். அது ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து மேசையில் தலையணை உறை மடித்தவளுக்கும் தெரியாது. சொல்லப்போனால் பாடியவளுக்கே சரியாகத் தெரியாது. ஆள் உயர டிரம் வைத்த ஆறு சலவை இயந்திரங்கள் ஓடும் கூடம் அது. அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் தன் சத்தம் தன் காதுக்கு வராது. வேலை செய்கிற பெண்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள். மூன்றாம் மேசைக்காரியின் வாய் அசைவதைப் பார்த்தவர்கள், அவள் எதையோ மென்றுகொண்டே இருக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. வார்டுகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. சலவைக்கூடத்துக்குக் கிடையாது, அழுக்குத் துணிக்கு என்ன அவசரம்! அவ்வளவு பெரிய டிரம்கள் சட்டென்று நிற்பதில்லை, முனகிக்கொண்டேதான் அடங்கும். அந்த முனகல் அடங்க அடங்க, அதற்குள்ளிருந்து ஒரு குரல் தெரிய ஆரம்பித்தது. முழுக்க அடங்கியபோது கூடம் முழுவதும் அந்தக் குரல் மட்டும் நின்றது. மூன்றாம் மேசைக்காரி கண்ணை மூடிக்கொண்டு, ஈரப் படுக்கை விரிப்பை உதறியபடி பாடிக்கொண்டிருந்தாள். சொல் எதுவும் இல்லை, வெறும் மெட்டுத்தான். அங்கிருந்த இருபத்திரண்டு பேரும் கைவேலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். மேற்பார்வையாளர் காதில் செருகப் போன பேனாவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் விரிப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குக் கரண்ட்டக்கா என்று பெயர் ஆகிவிட்டது.

இதைக் கேட்ட இருபத்துமூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு. நேர் மேலே, இரண்டாம் மாடி வார்டில், கழுத்தில் கட்டுடன் படுத்திருந்த ஒரு பாட்டு டீச்சர். தைராய்டு அறுவை முடிந்து நாலாவது நாள். பள்ளிக்கூடம் ஒன்றில் பதினாறு வருஷமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். பேசினால் காற்று பாதி, குரல் பாதியாக வந்தது. பாட நினைத்தால் மேல் ஸ்தாயிக்குப் போகிற வழியே அடைத்துக்கிடந்தது. குரல் நாண் அசைகிறது, பேச்சு நிச்சயம் தெளியும், பாட்டு வந்தாலும் வரும், வராமலும் போகும், பயிற்சியை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ‘வராமலும்’ என்ற ஒரு சொல்லைத்தான் அவள் நாலு நாளாகத் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலின் காலில் எந்நேரமும் இருந்த அதிர்வு திடீரென்று நின்றதை முதலில் உணர்ந்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் ஜன்னல் வழியாக வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ குரல்களைக் கேட்டு இது மூக்கு, இது தொண்டை, இது பயம் என்று பிரித்துப் பழகிய காது அவளுடையது. இந்தக் குரலில் பிரிக்க ஒன்றுமே இல்லை. ஒரு துளி முயற்சி கூடத் தெரியவில்லை. அவளுக்குப் புல்லரித்தது. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சுவரைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடி இறங்கினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்து, கூடம் பழையபடி இரைய ஆரம்பித்துவிட்டது. யார் என்று கேட்கவும் வழியில்லை. மூன்றாம் மேசையில் மட்டும் ஒருத்தியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. டீச்சருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு. அது முடிந்த திங்கட்கிழமை காலை பள்ளி மைதானத்தில் எல்லார் முன்னிலையிலும் பள்ளிப் பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டும். டீச்சரே மெட்டமைத்த பாட்டு அது. நாலாவது அடியில் சுருக்கென்று ஓர் உச்சிக்கு ஏறும். வயது குறைவாக இருந்தபோது தன் குரலை நம்பி அப்படிப் போட்டுவிட்டாள், இப்போது அதுவே எமனாகி நின்றது. முடியவில்லை என்றால் நூலகத்தில் உட்காரலாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியை மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டிஸ்சார்ஜ் ஆகி, தையல் ஆறியதும், ஒருநாள் இரண்டு மணிக்குச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றாள். தேநீர் இடைவேளையில் வெளியே வந்த கரண்ட்டக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதும் கரண்ட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நானா? எனக்கு என்ன டீச்சர் தெரியும்? ஸ எங்க இருக்கு, ரி எங்க இருக்குன்னு கூடத் தெரியாது.”

“அது எனக்குத் தெரியும். எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல.”

கரண்ட்டக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். பிறகு உள்ளே கூட்டிப்போனாள். சும்மா ஆள் நிற்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் முகத்தைச் சுளிக்க, டீச்சர் தலையணை உறை மடிப்பதாக ஏற்பாடாயிற்று. சம்பளம் இல்லாத ஆள் என்றதும் மனிதர் உடனே கனிந்துவிட்டார்.

உள்ளே பேச முடியாது என்பதால் பாடம் முழுவதும் கையால்தான் நடந்தது. கரண்ட்டக்கா டீச்சரின் கையைப் பிடித்துத் தன் கீழ் விலாவில் வைத்துக்கொண்டு பாடுவாள். டீச்சரின் விரல்கள் தாமாக விரியும். முதுகுப் பக்கமும் அப்படியே. மூச்சு வயிற்றில் எடுக்க வேண்டும் என்று டீச்சர் பதினாறு வருஷமாக வகுப்பில் சொல்லிவருகிறாள். மூச்சுக்கு முதுகும் உண்டு என்று இன்றுவரை அவளுக்கு யாரும் காட்டியதில்லை. இடுப்புக்கு மேலே, விரிப்பு உதறி உதறி உரமேறிய அந்த முதுகு, பாட்டின் ஓர் அடி முடியும்வரை விரிந்தபடியே நின்றது. இவ்வளவு நேரம் ஒரு மனித உடம்பு இப்படித் திறந்து நிற்குமா என்று இருந்தது அவளுக்கு.

இதையெல்லாம் எப்படிக் கற்றாள் என்பதைக் கரண்ட்டக்கா தேநீர் இடைவேளைகளில் தவணை தவணையாகச் சொன்னாள். பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் ஒரு பெண், இருபத்துமூன்றில் இந்த வேலை. புருஷன் ஆம்புலன்ஸ் டிரைவர், நாள் முழுவதும் சைரனோடு போய்வருகிறவர், வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார். வீட்டில் வாய் திறக்கிற உரிமை மாமியாருக்கு மட்டும் இருந்தது. அதனால் வேலைக்கு வந்த முதல் வருஷம் முழுவதும் கரண்ட்டக்கா இந்த இரைச்சலுக்குள் நின்று மாமியாரைத் திட்டித் தீர்த்தாள். இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? சாயங்காலம் தொண்டை கட்டிக்கொள்ளும். மருமகள் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறாள் என்று மாமியார் பெருமைப்பட்டுக்கொண்டாளாம். இரண்டாம் வருஷம் திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோயிற்று. மாமியார் திருந்தவில்லை, இவளுக்குத்தான் அலுத்துவிட்டது. வாய் பழகிவிட்டதால் சும்மா இருக்க முடியாமல் முணுமுணுத்தாள். முணுமுணுப்பு மெட்டானது.

காது கேட்காத இடத்தில் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? அதற்குக் கரண்ட்டக்கா வைத்திருந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் எங்கே வலிக்கிறதோ, அங்கே தப்பு. தொண்டை வலித்தால் மறுநாள் தொண்டையை விட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து பாடிப் பார்ப்பாள். தாடை வலித்தால் தாடையைத் தொங்க விடுவாள். நாலாம் வருஷம் தோள் வலி மட்டும் பாக்கி இருந்தது. குனிந்து மடிப்பதால்தான் என்று கண்டுபிடித்து மேசைக்கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்தாள். தோள் வலியும் போயிற்று, மூச்சும் ஒரு முழம் நீண்டது. மற்றவர்கள் இவள் என்ன மகாராணியா என்று கேலி செய்தார்கள். சுருதிக்கு மேசையின் இரும்பு விளிம்பு இருந்தது. டிரம்களின் அதிர்வு அதன் வழியாக இடுப்பில் ஏறும். தன் குரல் அதோடு சேராவிட்டால் அடிவயிற்றில் இரண்டும் முட்டிக்கொண்டு துடிக்கும். சேர்ந்துவிட்டால் துடிப்பு அடங்கி ஒன்றாகிவிடும்.

இதைக் கேட்ட அன்று டீச்சர் பஸ்ஸில் போகும்போது தன் நிறுத்தத்தைத் தவறவிட்டாள். குருவும் இல்லை, காதும் இல்லை, கேட்டுப் பாராட்ட ஒரு ஆளும் இல்லை. வலியையும் இரும்பையும் வைத்துக்கொண்டு ஒருத்தி தனியாக இவ்வளவு தூரம் போயிருக்கிறாள். தான் வாங்கிய இரண்டு பட்டயங்களை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் வியந்துகொண்டிருந்தால் குரல் வந்துவிடாதே. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முன்பல்லின் வேரில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும், அது வந்தால் சரி, அதைப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள் என்று கரண்ட்டக்கா சொல்லியிருந்தாள். டீச்சர் எறும்பைத் தேடினாள். வீட்டில் பேச்சுப் பயிற்சி நிபுணர் கொடுத்ததைச் செய்வாள், இரண்டு மணிக்கு இங்கே வந்து எறும்பைத் தேடுவாள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். எறும்பு வரவில்லை. வருகிறதா என்று கரண்ட்டக்கா சாடையில் கேட்கும்போதெல்லாம் வருகிறது என்று தலையை ஆட்டிவிடுவாள். வகுப்பில் நின்று பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

நாலாவது வாரம் ஒருநாள் கரண்ட்டக்கா அவளைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பல்லுல வருதா?”

“வருது.”

“பொய் சொல்றீங்க டீச்சர். என் கை உங்க முதுகுலதானே இருந்துச்சு. மேல போறப்ப மூச்சு இங்கயே பயந்து நின்னுடுது.”

டீச்சருக்கு முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு உண்மையைச் சொன்னாள். எட்டு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போய்விட்டன. இப்போது இருப்பவை கட்டிய பல். அவற்றுக்கு வேரே கிடையாது.

கரண்ட்டக்கா ஒரு நிமிஷம் அவள் வாயையே பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சருக்குக் கோபம் வந்து, அந்தக் கோபமே சிரிப்பாகி, அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“தப்பு என் மேலதான்,” என்றாள் கரண்ட்டக்கா. “எனக்கு ஊறுற எடத்த உங்ககிட்ட தேடச் சொல்லிட்டேன். உங்களுக்கு எங்க ஊறுதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லணும்?”

டீச்சர் அதற்குமேல் சிரிக்கவில்லை. வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றார்கள். நான் பாடுவதைக் கேட்டு அப்படியே பாடு என்பாள். கேட்டதா என்று கேட்பாள். நாற்பது தலையும் ஆடும். பதினாறு வருஷமாக அந்தத் தலைகள் எதற்காக ஆடின என்று இன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து தேடல் மாறியது. எங்கே வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தன் உடம்பை அறை அறையாகத் திறந்து பார்த்தாள். கீழ் ஸ்வரங்கள் நெஞ்செலும்பில் லேசாகக் குறுகுறுத்தன. ஏற ஏற அது நழுவி எங்கேயோ போய்விடும். எங்கே போகிறது என்று பிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் பிடரியில், பின்னல் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய ஒரு நடுக்கம் வந்தது. எஞ்சின் ஓட நின்றிருக்கிற பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் வருமே, அப்படி. இத்தனை வருஷமாக அந்த நடுக்கம் அங்கே இருந்திருக்கும். காதை மட்டுமே நம்பிப் பாடியதில் அவள் அதைக் கவனித்ததே இல்லை. கரண்ட்டக்காவின் கையைப் பிடித்துத் தன் பிடரியில் வைத்தாள். கரண்ட்டக்காவின் கண்கள் விரிந்தன. ஒருவர் உடம்பில் இல்லாதது இன்னொருவர் உடம்பில் இப்படி உயிரோடு இருப்பதைப் பார்த்து அவளுக்கும் அன்று பிரமிப்புத்தான்.

ஏழாவது வாரத்தில் பள்ளிப் பாட்டின் நாலாவது அடி அந்த இரைச்சலுக்குள் வந்துவிட்டது. வந்தது என்று பிடரி சொன்னது, முதுகில் இருந்த உள்ளங்கை சொன்னது. காது கேட்கவில்லை. டீச்சரும் கேட்க விடவில்லை. வீட்டில் புருஷன் ஒரு வரி பாடிக் காட்டு என்றால் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பாள். குளியலறையில் கூட வாய் திறப்பதில்லை. அறுவைக்கு மறுநாள் ஒரே ஒரு முறை பாடிப் பார்த்தபோது வந்த அந்தக் கிழிசல் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது. அதை மறுபடி கேட்க நேர்ந்தால் தான் செத்துவிடுவோம் என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தேநீர் இடைவேளையில், இங்கே வெளியில் ஒரு தடவை பாடுங்கள் என்று கரண்ட்டக்கா கேட்டாள். டீச்சர் மாட்டேன் என்றாள். திங்கட்கிழமை மைதானத்தில் இப்படி இயந்திரம் ஓடாதே, அங்கே என்ன செய்வீர்கள் என்றாள் கரண்ட்டக்கா. டீச்சர் உள்ளே போகத் திரும்பினாள்.

“இங்க ஒளிஞ்சுக்கிறது எவ்வளவு சுகம்னு எனக்குத் தெரியும் டீச்சர். பதினெட்டு வருஷம் ஒளிஞ்சவ நான். அன்னிக்குக் கரண்ட் போகலன்னா சாகுற வரைக்கும் ஒளிஞ்சிருப்பேன்.”

இடைவேளை முடிந்தது. இருவரும் உள்ளே போனார்கள். ஆறு டிரம்மும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பள்ளிப் பாட்டை எடுத்தாள். முதல் அடி நெஞ்செலும்பில் குறுகுறுத்தது. இரண்டாவது அடியில் முதுகு விரிந்து உள்ளங்கையைத் தொட்டது. மூன்றாவது அடியில் குறுகுறுப்பு நழுவி மேலே ஏற ஆரம்பித்தது.

மூன்றாம் மேசைக்கு அடுத்த சுவரில்தான் கூடத்தின் மெயின் சுவிட்ச் இருக்கிறது. சிவப்புப் பிடி. விபத்து நேர்ந்தாலன்றி யாரும் தொடக் கூடாது, தொட்டால் வேலை போகும். பதினெட்டு வருஷமாக அதன் பக்கத்தில் நின்றவள், துடைப்பதற்குக்கூட அதைத் தொட்டதில்லை. இப்போது இடது உள்ளங்கையை டீச்சரின் முதுகிலிருந்து எடுக்காமல், வலது கையை நீட்டி அந்தப் பிடியைக் கீழே இழுத்தாள்.

டிரம்கள் முனகின. முனகல் இறங்கியது. டீச்சரின் இடுப்பில் மேசையின் அதிர்வு நின்றது. என்ன நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பிடரியில் நடுக்கம் அப்படியே இருந்தது, முதுகில் அந்தக் கையும் அப்படியே இருந்தது. அவள் நாலாவது அடிக்கு ஏறினாள்.

கூடம் முழுவதும் ஒரு குரல் நின்றது. பழைய குரல் இல்லை. பழைய குரலில் இருந்த பளபளப்பு இதில் இல்லை. கொஞ்சம் கனத்து, ஓரத்தில் லேசாகக் கரகரத்து, ஆனால் பயமில்லாமல் நின்றது. யாருடைய குரல் இது என்று கேட்டபடியே அவள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினாள். கரண்ட்டக்காவும் கூடப் பாடுகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தபோது கரண்ட்டக்காவின் வாய் மூடியிருந்தது. காதிலிருந்து எடுத்த பஞ்சு மேசைமேல் கிடந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் வேகமாக வந்தார். சிவப்புப் பிடியைப் பார்த்தார், கரண்ட்டக்காவைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். கூடத்தில் எல்லாரும் குனிந்து தங்கள் துணியை மடிக்க ஆரம்பித்தார்கள். அவர் காதிலிருந்து பேனாவை எடுத்துப் பதிவேட்டில் ‘மின்தடை, நான்கு நிமிடம்’ என்று எழுதிவிட்டு, தாமே பிடியை மேலே தூக்கினார்.

திங்கட்கிழமை பள்ளிப் பாட்டு நடந்தது. டீச்சரின் குரல் ஏதோ மாறியிருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், சிலர் கவனிக்கவே இல்லை. தலைமையாசிரியை கையைப் பிடித்துக் குலுக்கினார். அதைவிடப் பெரிய விஷயம் முதல் வகுப்பில் நடந்தது. கேட்டுப் பாடு என்று டீச்சர் அன்று சொல்லவில்லை. எல்லாரும் ஒரே ஸ்வரத்தைப் பிடியுங்கள், உடம்பில் எங்கே ஊறுகிறது என்று கையை வைத்துக் காட்டுங்கள் என்றாள். ஒருத்தி மூக்கைத் தொட்டாள், ஒருவன் நெற்றியைத் தொட்டான், இன்னொருவன் குறும்பாக முழங்காலைத் தொட்டான். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி மட்டும் கையை எங்கேயும் வைக்காமல் நின்றாள்.

“உனக்கு எங்க?”

“தெரியல டீச்சர்.”

பதினாறு வருஷத்தில் அந்த வகுப்பில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போய், அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அவளுடைய இன்னொரு உள்ளங்கை சிறுமியின் முதுகில் இருந்தது.